புஜ் 2001: அந்தச் சிவப்புத் திட்டு எங்கிருந்து வந்தது

போன சனிக்கிழமை இரவு, செயற்கைக்கோள் வெப்பப் படத்தை வைத்து நான் வரைந்த குஜராத் கட்ச் வரைபடத்தில், நிலம் வழக்கத்தைவிடச் சூடு என்று காட்டும் அந்தச் சிவப்புத் திட்டு மறுபடி வந்தது. இந்த முறை அதை வரவழைத்ததே நான்தான், அதுவும் நிலநடுக்கமே இல்லாத ஓர் ஆண்டின் படத்தில். மூன்று மாதமாகப் பிடிபடாமல் இருந்த விஷயம் ஒரே ராத்திரியில் பிடிபட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2001 ஜனவரி 26, காலை 8:46, புஜ் நிலநடுக்கம். கட்ச்சின் அஞ்சார் ஊரில் குடியரசு தின ஊர்வலம் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் மேல் இரண்டு பக்கக் கட்டடங்களும் சரிந்து விழுந்தன. இந்த வேலையில் நான் இறங்கியதே அந்தத் தெருவை நினைத்துத்தான். நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்பே நிலம் சூடானது, அது செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் பதிந்திருக்கிறது என்று புஜ் பற்றிச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அழுத்தத்தில் நசுங்கும் பாறைக்குள் மின்னூட்டம் கிளம்புகிறது என்கிறார் பிரீட்மன் பிராய்ண்ட். விரிசல் வழியாக வெளியேறும் ரேடான் வாயு காற்றை அயனியாக்கி, நீராவியை நீர்த்துளியாக ஒடுங்க வைத்து, வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்கிறார் செர்கே புலினெட்ஸ். எது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சூடு உண்மையிலேயே இருந்ததா என்று என் கையால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் எடுத்தது நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி தரும் தினசரி நிலப்பரப்பு வெப்பநிலைத் தரவு, ஓடு எச்24வி06 (உலக வரைபடத்தைச் சதுரங்களாக வெட்டியதில் கட்ச் விழும் சதுரம்), இரவுப் படம் மட்டும். பகலில் வெயிலின் ஆட்டம் அதிகம் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. கோப்பில் இருக்கும் எண்ணை 0.02-ஆல் பெருக்கினால் கெல்வினில் வெப்பநிலை. பார்வைக் கோணத்தில் (கருவி தரையை எவ்வளவு சாய்வாகப் பார்த்தது என்ற எண்) 65 கழிக்க மறந்துவிடாதீர்கள், நான் ஒரு வாரம் இழந்தது அதில்தான்.

ஒரு நெருடல் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மோடிஸ் தரவு 2000 பிப்ரவரி கடைசியில்தான் தொடங்குகிறது. அதாவது நிலநடுக்கத்துக்கு முந்தைய ஜனவரி என்று நம் கையில் ஒன்றுகூட இல்லை. 'வழக்கமான ஜனவரி' எப்படி இருக்கும் என்பதை, நிலம் ஆடி முடிந்த பிறகு வந்த ஆண்டுகளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 2019-ஓடு நிறுத்திக்கொண்டேன். 2020-க்குப் பிறகு டெர்ராவின் சுற்றுப்பாதையைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டார்கள். அது கடந்துபோகும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வருகிறது. ராத்திரி பத்தரை மணித் தரையையும் பத்து மணித் தரையையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் அது சராசரியே இல்லை.

இனி சிக்கல் இருந்த இடம். வழக்கமான சூத்திரம் இதுதான். பிக்சலின் வெப்பநிலையிலிருந்து அந்த இரவுப் படம் முழுவதன் நிலச் சராசரியைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் வித்தியாசம் அதே பிக்சலின் பல ஆண்டு வித்தியாசத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சிக்மாவில், அதாவது அந்தப் பிக்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவில், சொல்ல வேண்டும். இரண்டு சிக்மாவைத் தாண்டினால் சிவப்பு. 2001 ஜனவரியில் அப்படித்தான் ஒரு திட்டு கட்ச்சின் உப்புச் சமவெளியான ரண்ணின் ஓரமாக வந்து உட்கார்ந்தது. பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அதே ஸ்கிரிப்டை மற்ற ஜனவரிகளிலும் ஓட்டினேன். அங்கேயும் திட்டுகள். ஒரு இரவு ரண்ணில், ஒரு இரவு ராஜஸ்தானின் பார்மர் பக்கம், ஒரு இரவு சிந்துவில். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு நிலநடுக்கம் என்றால் மேற்கு இந்தியாவில் இன்று ஒரு கட்டடம்கூட நின்றிருக்காது.

ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் தரக் குறியீட்டு பிட்களைக் கடுமையாக்கினேன், திட்டு போகவில்லை. கோணம் அதிகமான பிக்சல்களை வெட்டினேன், கொஞ்சம் குறைந்தது. அடுத்தடுத்த சுற்றுப்பாதைகள் ஒட்டும் தையலைத் தேடினேன். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 99 நிமிட இடைவெளி, அதற்குள் தரை நன்றாக ஆறிவிடும். தையல் விழுந்த இரவுகளை நீக்கினேன். பிறகும் திட்டு பாக்கி இருந்தது.

அப்புறம்தான் திட்டை விட்டுவிட்டு, மேகம் மறைத்ததால் தரவே இல்லாமல் போன ஓட்டையைப் பார்க்க ஆரம்பித்தேன். நம் எச்24வி06 ஓட்டின் தெற்குப் பக்கம் சௌராஷ்டிரக் கடற்கரை, ஜனவரி இரவிலும் வெதுவெதுப்பு. வடக்கே தார் பாலைவனம், பஞ்சாப் ஓரம், கடுங்குளிர். தெற்கே மேகம் மூடினால் என்ன ஆகும்? சூடான பிக்சல்கள் கணக்கிலிருந்து காணாமல் போகும், படத்தின் சராசரி சட்டென்று இறங்கும். நடுவில் இருக்கும் கட்ச் ஒரு டிகிரிகூட ஏறாமலே 'சூடு' ஆகிவிடும். மீதிப் படம் முழுவதும் ஒரே அளவு உயரும், ஆனால் சிக்மா சிறியதாக இருக்கும் பிக்சல்கள்தான் முதலில் கோட்டைத் தாண்டும். அதனால்தான் அது பரவலாகத் தெரியாமல், ஒரு இடத்தில் கிளம்பிய திட்டு மாதிரியே தெரிகிறது.

இதை ஊகமாக விட மனமில்லை. சனிக்கிழமை இரவு ஒரு அறுவை சிகிச்சை செய்தேன். வேறொரு ஆண்டின், மேகமே இல்லாத ஒரு ஜனவரி இரவை எடுத்தேன். சூத்திரத்தை ஓட்டினால் வரைபடம் அமைதியாக இருக்கிறது, சிவப்பே இல்லை. 2001-இன் திட்டு வந்த இரவிலிருந்து மேக முகமூடியை (மேகம் மறைத்த பிக்சல்களின் வரைபடத்தை) மட்டும் வெட்டி அதன் மேல் ஒட்டினேன். ஒரு வெப்பநிலை எண்ணையும் தொடவில்லை, ஓட்டை மட்டும்தான் போட்டேன். மறுபடி ஓட்டினேன். ரண்ணின் ஓரத்தில், கிட்டத்தட்ட அதே வடிவத்தில், சிவப்பு.

சரி, நானே புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. பிளாக்கெட், ஊஸ்டர், மலமுட் மூவரும் 2011-லேயே இதே குஜராத் நிலநடுக்கத்தை மோடிஸில் சோதித்து, மேக ஓட்டைகளும் பக்கத்துச் சுற்றுப்பாதைகளை ஒட்டும் விதமும் இப்படிப் பொய்த் திட்டுகளை உண்டாக்கும் என்று எழுதிவிட்டார்கள். படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. நம் திரையில் நம் கையால் அதை வரவழைப்பது வேறு. இந்த வெட்டி ஒட்டும் சோதனையை நீங்கள் எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள், பத்து வரி ஸ்கிரிப்ட்தான்.

சரிசெய்த விதம்: கழித்தலின் வரிசையை மாற்றினேன். முதலில் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அதன் சொந்தப் பல ஆண்டுச் சராசரியைக் கழிக்கிறேன். மிஞ்சுவதில், அன்று கண்ணுக்குத் தெரியும் பிக்சல்களின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுத்து அதைக் கழிக்கிறேன். கடற்கரை காணாமல் போனாலும் அந்த இடைநிலை சாயாது, ஏனென்றால் கடற்கரையின் வழக்கமான சூடு ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஓட்டில் பாதிக்கு மேல் மேகம் இருந்தால் அந்த இரவே வேண்டாம். இப்படிச் செய்த பிறகு 2001 ஜனவரித் திட்டு மங்கிப் போனது, மற்ற ஆண்டுகளின் சலசலப்பிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வருத்தம்தான். அந்தத் திட்டு நிஜமாக இருந்திருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

தரவு பற்றி ஒரு வார்த்தை. சும்மா பார்க்க கூகுள் எர்த் இன்ஜின் போதும். ஆனால் பிட் பிட்டாக நோண்ட வேண்டுமென்றால் நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் கணக்குத் திறந்து மூலக் கோப்புகளையே இறக்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கவனம். புதியது என்று ஒரு கடையில் கொடுத்த 4 டிபி டிஸ்கைச் செருகிப் பார்த்தால் ஏற்கெனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடியது. கோப்புகள் பாதியில் உடைந்து, எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். வாங்கிய அன்றே ஓடிய நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து நேபாள நிலநடுக்கம், 2015 ஏப்ரல் 25. இந்தியாவின் இன்சாட்-3டி வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் தந்தது, பிக்சல் 4 கிலோமீட்டர் என்றாலும் ஒரே இரவில் தரை எப்படி ஆறுகிறது என்ற வளைவையே வரையலாம். இஸ்ரோவின் தரவுத் தளமான மோஸ்டாக்கில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோளின் தரவையும் தொட ஆசை. நிலம் சென்டிமீட்டர் கணக்கில் நகர்வதை ரேடார் பார்க்கிறது, அங்கே மேகத் தொல்லை கிடையாது.

ஆனால் கட்ச்சை இன்னும் முடிக்கவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ரண்ணில் நிலத்தடி நீர் மணலோடு பீறிட்டு மேலே வந்தது, டெர்ராவிலேயே இருக்கும் மிசர் கருவி அந்த ஈரத்தைப் படம் பிடித்திருக்கிறது. 2000 வறட்சி ஆண்டு, ரண் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். காய்ந்த உப்புத் தரையில் திடீரென்று ஈரம் ஏறினால் இரவில் அந்த இடம் மட்டும் மெதுவாக ஆறும், பகலில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கும். அது மோடிஸின் 1 கிலோமீட்டர் பிக்சலில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஜனவரி 27 முதல் பிப்ரவரி கடைசி வரை பகல், இரவு இரண்டையும் இறக்கப் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது பிப்ரவரி 9 வரை வந்திருக்கிறது.