ஒரு ஆங்கிலச் சொல், நாலு செக் சொல்: பட்டியல் வேலை நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஆயிரம் சொற்கள், எதிரே செக் மொழியில் (செக் குடியரசில் பேசுவது) அவற்றுக்கான சொற்கள். வேலை இவ்வளவுதான். ‘ஆப்பிள்’, ‘ஜன்னல்’ மாதிரிப் பெயர்ச்சொற்கள் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். போ, எடு, தெரியும், பிடிக்கும் என்ற பொடிச் சொற்கள்தான் வாரக்கணக்கில் இழுக்கும். அகர வரிசையில் போகாமல் இவற்றை முதலில் முடித்துவிடுவது நல்லது.

அட்டவணையில் ஆறு பத்திகள் வேண்டும்: ஆங்கிலச் சொல், எந்தப் பொருளில் என்ற தமிழ்க் குறிப்பு, செக் சொல், பெயர்ச்சொல்லானால் அதன் பாலும் செக்கின் இரண்டாம் வேற்றுமை (உடைமைப் பொருள், நம் ஆறாம் வேற்றுமையின் இடம்) வடிவமும், வினையானால் அதன் இணைவினை (நடப்பதற்கு ஒன்று, முடிவதற்கு ஒன்று என வரும் ஜோடி), ஒரு முழு வாக்கியம். இரண்டாவது பத்தியைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் மற்ற எல்லாமே தடம் மாறும். இரண்டாம் வேற்றுமை எதற்கு? நாய்க்கு ‘பெஸ்’. வேற்றுமை ஏறியதும் ‘ப்ஸா’. நடுவில் இருந்த உயிர் காணாமல் போய்விடும். தலைச்சொல்லை மட்டும் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. இங்கே ‘ர்ஷ’ என்று வருவது இரண்டு ஒலி இல்லை, ஒரே மூச்சில் வரும் ஒரே மெய். வெளியாருக்கு நம் ழகரம் எப்படியோ அப்படி. தொண்டையில் உரசி வரும் ககரத்தை ‘ஃக’ என்று எழுதியிருக்கிறது. குறில் நெடில் செக்கிலும் பொருளை மாற்றும்: குறிலாக ‘பித்’ என்றால் குடியிருக்கும் வீடு, நெடிலாக ‘பீத்’ என்றால் இருத்தல். ஆங்கிலேயர் தடுமாறும் இந்த இடத்தில் தமிழருக்குச் சிரமமில்லை.

இன்றைய சொல் ‘கோ’. நடந்து, இப்போது, ஒரு திசையில் போனால் ‘யீத்’. நடந்து, வழக்கமாகப் போய்வந்தால் ‘ஃகோதித்’. வண்டியில் ஒருமுறை போனால் ‘யெத்’. வண்டியில் அடிக்கடி போனால் ‘யெஸ்தித்’. பள்ளி மாணவன் என்ற பொருளில் ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பதற்கு ‘ஃகோதீம் தோ ஷ்கொலி’. காலையில் வாசலில் நின்று சொன்னால் ‘ய்து தோ ஷ்கொலி’. பிராகிலிருந்து பிர்னோவுக்கு ‘யீத்’ போட்டால் இருநூறு கிலோமீட்டரையும் நடந்தே கடக்கிறீர்கள். அகராதிகள் பெரும்பாலும் ‘யீத்’தை முதலில் தருவதால் இந்தப் பிழை பட்டியல்களில் எளிதில் நுழைந்துவிடுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

‘டேக்’. எடுத்துக்கொள்வது ‘ப்ராத்’, ‘வ்ஸீத்’. அதோடு முடியவில்லை. பேருந்தை ‘எடுப்பது’ செக்கில் இல்லை. பேருந்தால் போவார்கள்: ‘யெத் அவுதொபுஸெம்’. அது ஏழாம் வேற்றுமை, கருவிப் பொருள், அதாவது நம் மூன்றாம் வேற்றுமையின் இடம். ‘பேருந்தில்’ என்ற நம் வழக்கத்தை நம்பி இடப்பொருள் வேற்றுமை போட்டால், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் கிடைக்கும், பயணம் கிடைக்காது.

ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தால் ‘வெது’. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் ‘வெஸு’. பையைக் கையில் எடுத்துப் போனால் ‘நெஸு’. கூட்டிட்டுப் போ, ஏத்திட்டுப் போ, எடுத்துட்டுப் போ என்று நாம் பிரிக்கிற அதே பிரிவுகள். ஆங்கிலப் பட்டியல் மூன்றையும் ஒரே சொல்லில் திணித்துவிடுகிறது. தமிழர் ஒருவர் ஆங்கிலம் வழியாகச் செக்குக்குப் போனால், கையிலிருந்த வித்தியாசத்தை நடுவழியில் தொலைத்துவிட்டு அந்தப் பக்கம் மறுபடி தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது பத்தி தமிழில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை: முதல் இரண்டின் மூல வடிவமும் காதுக்கு ஒன்றேதான், ‘வேஸ்த்’. எழுத்தில் மட்டுமே வேறுபாடு. பட்டியலில் தன்மை வடிவங்களையும் சேர்த்து எழுதாவிட்டால் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவர் குழம்புவார்.

மார்ச் 6, வியாழன்

செவ்வாயன்று சொன்னதற்கு நேர் எதிர்: தமிழும் காலை வாரும் இடங்கள். ‘தெரியும்’ என்ற ஒரே சொல்லுக்குச் செக்கில் மூன்று. செய்தி தெரிந்தால் ‘வீம்’. ஆளோ ஊரோ பாட்டோ பரிச்சயமானால் ‘ஸ்நாம்’. நீந்தத் தெரிந்தால், செக் பேசத் தெரிந்தால் ‘உமீம்’. ‘கேள்’ இன்னும் மோசம். கேள்வி கேட்பது ‘ப்தாத் ஸெ’, உதவி கேட்பது ‘ப்ரொஸித்’, காதால் கேட்பது ‘ஸ்லிஷெத்’, கவனித்துக் கேட்பது ‘பொஸ்லொஉஃகத்’. இங்கே தமிழ்ப் பத்தியில் ஒரு சொல் போதாது, ‘வினாவு’, ‘வேண்டு’ என்று உடைத்து எழுத வேண்டும்.

‘கேன்’ என்பதற்கும் இதே கதை. இயலும் என்றால் ‘மூஜு’, கற்ற திறமை என்றால் ‘உமீம்’, அனுமதி உண்டு என்றால் ‘ஸ்மீம்’.

மார்ச் 7, வெள்ளி

அகராதி புரட்டுபவர்களுக்கு மட்டும்: ‘ஃக’ ஒலிக்குச் செக்கில் இரண்டு எழுத்து சேர்த்து எழுதினாலும் அது தனி எழுத்து. ஹகரத்துக்குப் பிறகுதான் வரும். ரொட்டிக்கான ‘ஃக்லேப்’ அகராதியில் இல்லை என்று புகார் சொல்பவர்கள் எல்லாம் தப்பான இடத்தில் தேடியவர்கள். கணினியில் வரிசைப்படுத்தும்போது மொழியைச் செக் என்று அமைக்காவிட்டால் உங்கள் அட்டவணையிலும் அதே குளறுபடி நேரும்.

மார்ச் 10, திங்கள்

சமையலறை. ‘ஹாட்’ என்பதற்குச் சூடு, காரம் இரண்டும் பொருள். தமிழருக்கு இதில் குழப்பமே இல்லை. செக்காருக்கும் இல்லை. சூடான தேநீர் ‘ஹொர்கீ சாய்’ (ஆம், தேநீர் அங்கேயும் சாய்தான்). காரமானது ‘பாலிவீ’ அல்லது ‘ஒஸ்த்ரீ’. பின்னதற்குக் கூர்மை என்றும் பொருள். ‘பெப்பர்’ மிளகானால் ‘பெப்ர்ஷ்’, குடைமிளகாயானால் ‘பப்ரிகா’. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ‘ரீஜெ’ ஒன்றே. கோதுமை, உருளைக்கிழங்கு விளையும் நாட்டில் அதுவே அதிகம்.

பிடிக்கும் என்பதில் நின்று நிதானிக்க வேண்டும். சாப்பாடு பிடித்திருந்தால் ‘ஃகுத்னா மி’, எனக்கு ருசிக்கிறது. ஊர், சட்டை, படம் பிடித்திருந்தால் ‘லீபீ ஸெ மி’. நெடுநாள் பிரியம் என்றால் ‘மாம் ராத்’. சொல்பவர் பெண் என்றால் ‘மாம் ராதா’. முதல் இரண்டிலும் ‘மி’ என்பது ‘எனக்கு’. ஆங்கிலம் ‘நான்’ என்று தொடங்கும் இடத்தில் செக்கும் தமிழும் ‘எனக்கு’ என்கின்றன. குளிர்கிறது, ‘யெ மி ஸிமா’. எனக்கு ஐந்து வயது, ‘யெ மி பியெத் லெத்’. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து ‘நான் சூடாக இருக்கிறேன்’ என்று ‘ஹொர்கீ’ போட்டால் அடுப்பில் வைத்த பாத்திரம் பேசுவது போலிருக்கும். ‘தெப்லீ’ போட்டால் தன்பால் ஈர்ப்புள்ளவன் என்ற கொச்சைப் பொருள் வந்துவிடும். சொல்ல வேண்டியது ‘யெ மி ஹொர்கொ’. ஆனால் பசி மட்டும் ‘எனக்கு’ இல்லை: ‘மாம் ஹ்லத்’, பசி வைத்திருக்கிறேன். ஒற்றுமையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது.

மார்ச் 12, புதன்

வினைகளின் இணை. ‘வாங்கு’ என்பதற்கு ‘குபொவத்’, ‘கொஉபித்’ இரண்டையும் எழுத வேண்டும். முதலாவது நடந்துகொண்டிருப்பது, இரண்டாவது முடிவது. ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் பாதி வழி வந்தாயிற்று. மீதிப் பாதி: நமக்கு ‘விடு’ விருப்பம், அங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மேலும், முடிவுவினைக்கு நிகழ்காலமே இல்லை. ‘கொஉபீம்’ என்றால் ‘வாங்குவேன்’. பட்டியலில் ‘கொஉபித்’ மட்டும் இருந்தால், கடையில் நின்று வாங்கிக்கொண்டிருப்பவர் ‘இனிமேல் வாங்குவேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மார்ச் 13, வியாழன்

எண்ணிக்கை. ஒரு கொருனா (செக் நாணயம்) ‘யெத்னா கொருனா’, இரண்டு முதல் நான்கு வரை ‘கொருனி’, ஐந்திலிருந்து ‘கொருன்’. 22க்கு மறுபடி ‘கொருனி’ வருமோ என்று ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். வராது, ‘த்வட்ஸெத் த்வா கொருன்’ என்பதே இயல்பு. ‘ஐந்து பேர் வந்தார்கள்’ என்பதில் வினை பன்மை ஏற்காது, ஒருமையில், அஃறிணை போன்ற மூன்றாம் பாலில் நிற்கும். மென்பொருளை மொழிபெயர்ப்பவர்கள் ஒருமை, பன்மை என்று இரண்டு வாக்கியம் மட்டும் வைத்தால் ‘5 கோப்புகள்’ கட்டாயம் தவறாகும். முழு எண்களுக்கே மூன்று வடிவம் தேவை, 1.5 போன்ற பின்னத்துக்கு நான்காவது.

கதவுக்கு ஒருமையே இல்லை: ‘த்வெர்ஷெ’. இரண்டு கதவுக்கு வழக்கமான ‘த்வியெ’ ஒட்டாது, ‘த்வொயெ த்வெர்ஷெ’. கத்தரிக்கோல், கால்சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் இதே கூட்டம்.

பால் மூன்று. ஆண்பாலுக்குள் உயிருள்ளது, இல்லாதது என்று இன்னொரு பிளவு. உயர்திணை அஃறிணை என்று அவசரப்பட வேண்டாம், நாயும் உயிருள்ள பக்கம்தான். பனிமனிதனும் அந்தப் பக்கமே. ‘ரோபோ’ உலகுக்கே செக் தந்த சொல், 1920இல் ஒரு நாடகத்துக்காகப் பிறந்தது, ‘ரொபொதா’ என்றால் கட்டாய உழைப்பு. சிந்திக்கும் இயந்திரங்களானால் பன்மை ‘ரொபொத்தி’, சமையலறையில் மாவு பிசைவது என்றால் ‘ரொபொதி’. காது கூர்மையாக இல்லாவிட்டால் வித்தியாசம் பிடிபடாது.

மார்ச் 17, திங்கள்

நேரம். ‘பூல் த்ர்ஷெத்தீ’ என்றால் ‘மூன்றாவதில் பாதி’, அதாவது இரண்டரை. மூன்றரை இல்லை. ‘ச்த்வர்த் ந த்ர்ஷி’ கேட்பதற்கு மூன்றேகால் போலிருக்கும். உண்மையில் இரண்டேகால். சந்திப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போக இது ஒன்றே போதும்.

மாதப் பெயர்கள் லத்தீன் வழியில் வராதவை. ஜனவரி ‘லெதென்’, பனிக்கட்டியிலிருந்து. ஆகஸ்ட் ‘ஸ்ர்பென்’, அரிவாளிலிருந்து. நவம்பர் ‘லிஸ்தொபத்’, இலையுதிர்வு. குரோவாசிய மொழியில் இதே சொல் அக்டோபர். ஆபத்தானது ‘செர்வென்’, ‘செர்வெனெட்ஸ்’ ஜோடி: ஜூன், ஜூலை. பயணச்சீட்டு பதிவு செய்யும் முன் வாலைப் பாருங்கள். எண்ணால் எழுதும்போது நாளுக்குப் பின் புள்ளியும் இடைவெளியும் வேண்டும்: 17. 3. 2025.

மார்ச் 18, செவ்வாய்

முகம் ஒன்று, பொருள் வேறு. ‘நொ’ என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, ‘ம், ஆமா’ என்ற இழுப்பு. இல்லை என்பதற்கு ‘நெ’. ‘ஹொஸ்த்’ விருந்தாளி, விருந்து கொடுப்பவர் இல்லை. ‘கிம்னாஸியும்’ மேல்நிலைப் பள்ளி, உடற்பயிற்சிக்குப் போக வேண்டியது ‘பொஸிலொவ்னா’. ‘எவெந்துவால்ன்யெ’ என்றால் ‘தேவைப்பட்டால்’, கடைசியில் என்பதற்கு ‘நகொனெட்ஸ்’. ‘ரெட்ஸெப்த்’ சமையல் குறிப்பு அல்லது மருந்துச்சீட்டு, கடை ரசீது ‘ஊச்தென்கா’. உணவில் ‘ப்ரெஸெர்வதிஃப்’ இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள், அது ஆணுறை. கேட்க வேண்டியது ‘கொன்ஸெர்வன்த்’.

‘மேரி’ என்ற வினைக்கு ஆண் ‘ஒஜெனித் ஸெ’, பெண் ‘வ்தாத் ஸெ’. முன்னதற்குள் பெண் என்ற ‘ஜெனா’ இருக்கிறது, பின்னதற்குள் கொடு என்ற ‘தாத்’. பெண் எடுப்பது, பெண் கொடுப்பது என்றால் நமக்கு உடனே விளங்கும்.

மார்ச் 20, வியாழன்

‘யூ’ என்பதற்கு ‘தி’, ‘வி’: நீ, நீங்கள். அப்படியே பொருந்துகிறது. மென்பொருள் பொத்தானில் மட்டும் இரண்டும் வேண்டாம், ‘உலொஜித்’ (சேமிக்க) என்ற மூல வடிவமே வழக்கம்.

அகராதிச் சொல்லும் தெருச் சொல்லும் வேறு. ஜன்னல் ‘ஒக்னொ’, பிராகில் வாயில் வருவது ‘வொக்னொ’. நல்ல என்பது ‘தொப்ரீ’, பேச்சில் ‘தொப்ரெய்’. நாட்டின் கிழக்கே உள்ள மொராவியாவுக்குப் போனால் இந்த வடிவங்கள் குறையும். எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் சேர்ந்தே சுமப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் எழுத்து வடிவம், பக்கத்தில் சிறிதாகப் பேச்சு வடிவம்.

சரிபார்ப்புக்கு இரண்டு இடம், இரண்டும் இலவசம். வேற்றுமை வடிவங்களுக்குச் செக் மொழி நிறுவனத்தின் இணைய மொழிக் கையேடு. எந்தச் சொல் உண்மையில் புழங்குகிறது என்பதற்குச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கிய செக் தேசியச் சொற்றொகையின் ‘த்ரெக்’ கருவி. ஆங்கிலச் சொல்லின் மூல வடிவத்தைக் கொடுத்தால், மொழிபெயர்ப்புகளில் அதற்கு இணையாக வந்த செக் சொற்களை எண்ணிக்கையோடு அடுக்கும். பொருத்தியது இயந்திரம் என்பதால் அடியில் ஒன்று இரண்டு என்று கிடப்பவற்றைத் தள்ளிவிடலாம். மேலே இருக்கும் முதல் சொல்லையும் கண்ணை மூடி எடுக்கக் கூடாது. ‘கோ’வுக்கு முதலில் வருவது நடந்து போகிறவருக்கான சொல்லாகவே இருக்கலாம், உங்கள் வாக்கியத்தில் இருப்பது ரயிலாக இருக்கும்.