கொரங்காட்டில் கிடைத்த பாலைவனக் காளான்

ஐப்பசி மழை ஓய்ந்தால் காங்கேயம் பக்கம் புற்றுக்காளான் தேடிப் போவது வழக்கம். அப்படிப் போனபோது மூலனூர் ரோட்டோரம், கிளுவை வேலி போட்ட கொரங்காட்டுக்குள் (மேய்ச்சல் நிலம்) ஒரு கறையான் புற்றை ஒட்டி இந்தக் காளான் நின்றது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரம். முட்டையை நீட்டிவிட்டாற்போல் தலை. செதில் செதிலாக உரியும் தோல்.

போனில் இருந்த செயலி கோப்ரினஸ் கோமாட்டஸ் என்றது. அது சீக்கிரமே கீழிருந்து கறுத்து மையாய்க் கரைந்துபோகிற காளான். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "புத்துக்காளான்னா கொடையாட்டம் விரியுமுங்க. இது விரியவே விரியாது, நின்ன நெலையிலயே காஞ்சு போயிருமுங்க" என்றார். எனக்குச் சரியான துப்பு அதுதான்.

ஒன்றை மட்டும் அடிமண்ணோடு தோண்டி எடுத்து, வீட்டில் நெடுக்காகப் பிளந்தேன். காளான் குடையின் அடியில் இருக்கும் செவுள் மடிப்புகளே இல்லை. தண்டு நாராய், கட்டையாய், தலையின் உச்சிவரை ஊடுருவி நின்றது. அதைச் சுற்றிலும் கரும்பழுப்புத் தூள். தொட்ட விரலில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியப் பழங்குடி முதியவர்கள் நரைத்த தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டது இந்தத் தூளால்தான் என்று பின்னால் படித்தேன். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது!

எல்லாம் பாலைவனக் காளான் எனப்படும் பொடாக்சிஸ் பேரினத்தையே காட்டின. ஆனால் நான் பார்த்த படங்கள் எல்லாம் ராஜஸ்தான் மணல்காடு, ஆப்பிரிக்கப் பாலைநிலம். அதனால் உறுதிசெய்துகொள்ள, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு (பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்), இடமும் தேதியும் எழுதி, கோவையில் தாவரவியல் கற்பிக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் அந்தத் தூள், அதாவது வித்துகள், வழுவழுப்பாக, தடித்த சுவரோடு, ஒரு முனையில் சிறு துளையோடு தெரிந்தன. பொடாக்சிஸ்தான்.

சிற்றினப் பெயரை உறையில் எழுதவில்லை. 1771இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த பிஸ்டில்லாரிஸ் என்ற பெயரையே உலகம் முழுக்க இதற்கு வைத்துவந்தார்கள். அதற்குள் பல இனங்கள் இருப்பதை டிஎன்ஏ ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தச் சோதனைக்காக ஒரு துண்டு தனியே இருக்கிறது.

ராஜஸ்தானில் இளசாகப் பறித்துச் சமைக்கிறார்கள். அதை நம்பி இங்கே யாரும் சட்டியில் போட்டுவிடாதீர்கள். புல்தரையில் முளைக்கும் பச்சைத்தூள் நச்சுக்காளானும் விரியுமுன் வெள்ளையாய், செதிலோடுதான் இருக்கும். வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இதைப் பார்த்தால் புற்றோடு சேர்த்து ஒரு படமும், பிளந்த பிறகு ஒரு படமும் எடுத்து வையுங்கள்.