கொழுந்து போய்ச் சேரும் இடம்

அக்கா மகன் கொழும்புத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தீபாவளிக்கு ஹட்டன் வந்தவன் இரவெல்லாம் அதைத்தான் பேசினான். கப்பல் தட்டில் கொள்கலன்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. "மழை பேஞ்சா கம்பி வழுக்கும் மாமா, கீழ பார்க்கவே கூடாது" என்றான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி இலங்கைக்கே இல்லையாம். வேறு கப்பலில் ஏறி இந்தியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விடும்.

நம் தேயிலையும் அந்த வழிதான். 1883இலிருந்து கொழும்பில் ஏலம் நடக்கிறது. ஏலம் முடிந்து, கலந்து பொதி கட்டி, கடைசியில் ஒரு கொள்கலனுக்குள்.

அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். துறைமுகத்தைப் பார்த்ததில்லை. பேரன் போனில் காட்டிய கப்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுலயா நம்ம கொழுந்து போகுது?" என்று இரண்டு தடவை கேட்டார்.