ஊட்டி சோலார் ஏர் ஹீட்டர்: ஒருவழியா ராத்திரி ஃப்ளாப் மூடுது

வெயில்ல காத்தச் சூடாக்கி ரூமுக்கு அனுப்புற பெட்டி (பேனல்) ஒண்ணு வச்சிருக்கேன்: ரூம் காத்து கீழ் ஓட்டை (வென்ட்) வழியா அதுக்குள்ள போயி, சூடாகி மேல் ஓட்டை வழியா திரும்ப வரும். ராத்திரி இது தலைகீழா ஓடாம இருக்கத்தான் கீழ் வென்ட்ல மெல்லிசு பிளாஸ்டிக் மடல், அதான் ஃப்ளாப். நேத்து ராத்திரி கீழ் வென்ட் முன்னாடி ஊதுபத்தியப் பிடிச்சேன், புகை அசையாம நேரா மேல போச்சு, அப்பாடா! போன மாசம் இதே இடத்துல புகை ரூமுக்குள்ள ஓடி வந்துச்சு. பகல்ல சேத்த சூடெல்லாம் மேல் ஓட்டை வழியா பேனலுக்குப் போயி, உறைபனில குளிர்ந்து கீழ் ஓட்டை வழியா திரும்ப காலடிக்கே வந்துட்டிருந்துச்சு.

பகல் பத்தி பேச்சே இல்ல, சூப்பர். 6க்கு 4 பெட்டி, மேல பாலிகார்பனேட் (வெயில் உள்ள போற பிளாஸ்டிக் ஷீட்), உள்ள கறுப்பு மெஷ் (வலை) ரெண்டு லேயர், ஃபேன் கிடையாது. நல்ல வெயில்ல 17 டிகிரில போற காத்து 44ல வெளிய வருது. லடாக் வீடுங்களப் பாத்துட்டு சுவர்ல செங்குத்தா மாட்டலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: லடாக்ல இருக்கற லே 34 டிகிரி அட்சரேகை, டிசம்பர் மத்தியானத்துல சூரியன் 33 டிகிரி உயரத்துலதான் நிக்கும், சுவருக்கு நேர் வெயில்ல 80 சதவீதத்துக்கு மேல கிடைக்கும். ஊட்டில 55 டிகிரி, அதே சுவருக்கு 57தான். நான் 50 டிகிரி சாய்ச்சு வச்சிருக்கேன், நஷ்டம் 3, 4 சதவீதம்தான்.

இப்ப ஃப்ளாப். கீழ் வென்ட்ல ஒரு மெஷ் அடிச்சு, அதுக்குப் பின்னாடி, பேனல் பக்கமா, மேல் ஓரத்த மட்டும் ஒட்டித் தொங்கவிடணும், அவ்ளோதான்னு வீடியோல சொல்லிடுறாங்க. மளிகைக் கடை கவர் ரொம்ப விறைப்பு, இந்த மெதுவான காத்துக்குத் திறக்கவே மாட்டேங்குது. குப்பை கவர் மெல்லிசு, ஆனா விடியக்காலைல ஈரத்துல மெஷ்ஷோட அப்பிக்குது, வெயில் வந்தும் பத்து மணி வரைக்கும் பிரியல. மேல் வென்ட்ல வச்சா சூட்டுல சுருண்டுடுது. கடைசில செட் ஆனது லாண்டரி கவர், அதுவும் மெஷ்ஷை லேசா சாய்ச்சு, வலைக் கண்ணும் பெருசா போட்டு, தொடுற இடம் கம்மியான பிறகுதான். தரை வசதி இருந்து பேனலை ரூமுக்குக் கீழ பள்ளத்துல வைக்க முடிஞ்சா இந்தத் தொல்லையே வேணாம், குளிர்ந்த காத்து அங்கயே தங்கிடும்.

சூடு வெளிய போகாம பேனல் பின்பக்கத்த மூட தெர்மோகோல் போதும்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றார். வெயில்ல காத்து ஓட்டம் நின்னா அது உருகிடும் சார், ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) குடுங்கன்னா ஃபுல் பண்டிலா வாங்குங்கறார். அதனால பின்பக்கம் இன்னும் பாதி மூடாமலே கிடக்கு.

அதுக்குள்ள ஈரோட்டுல மச்சான் வீட்டுக்கு சோலார் சிம்னி கட்டணும்னு கை அரிக்குது. அங்க சூடு வேணாம், இதே பெட்டிய மேற்கு பாத்து மொட்டை மாடில நிறுத்தி சாயங்கால வெயில்ல ரூம் புழுக்கத்த இழுத்து வெளிய விடணும். கோவை பக்கம் ராக்வூல் சில்லறையா தர்ற கடை தெரிஞ்சா சொல்லுங்கப்பா.