ரோட்டவேட்டர் மானியமும் குரோஷியா பாலமும்

சித்தப்பா பையன் ஒருத்தன் குரோஷியாவில், டுப்ரோவ்னிக் பக்கம் ஓட்டல் வேலையில் இருக்கிறான். போன வாரம் பஸ்ஸில் போய்க்கொண்டே வீடியோ கால் போட்டு, "ங்ணா, பாலத்தைப் பாருங்க" என்று ஜன்னல் வழியாகக் காட்டினான். இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெள்ளைக் கம்பிகள். அதைத் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு நீலப் போர்டு, அதில் வட்டமாக மஞ்சள் நட்சத்திரங்கள். "ஐரோப்பிய யூனியன் காசுல கட்டுனதாமுங்ணா. ஊரான் காசு, சும்மாவா குடுப்பாங்க?"

சும்மா கொடுக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, ஏனென்றால் காலையில்தான், டிராக்டரில் மாட்டி உழும் ரோட்டவேட்டர் மெஷினுக்கான மானியத்துக்காக ஆபீஸ் படியேறிவிட்டு அவிநாசியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தேன்.

அந்தப் பாலத்தின் கதை எனக்குப் பிடித்த கதை. குரோஷியாவின் கடற்கரையை நேயும் என்ற ஊர் இரண்டாக வெட்டுகிறது. அது போஸ்னியாவுக்குச் சொந்தம், இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அதனால் டுப்ரோவ்னிக்காரன் தன் நாட்டின் மறுபாதிக்குப் போவதற்கே இரண்டு பார்டரில் நின்று பேப்பரைக் காட்ட வேண்டியிருந்தது. இதைச் சுற்றிப் போகத்தான் பெலியேஷாட்ஸ் பாலம். 2005இலேயே வேலையை ஆரம்பித்தார்கள், காசில்லாமல் இழுத்து 2012இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். 2013 ஜூலை 1 அன்று நாடு யூனியனில் சேர்ந்தது. 2017இல் யூனியன் 35.7 கோடி யூரோ ஒதுக்கியது, இன்றைய மதிப்பில் மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கட்டியது சீனக் கம்பெனி. 2022 ஜூலையில் திறந்தார்கள். (அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்கு நாம் காத்திருந்த காலத்தை நினைத்தால் இதெல்லாம் ஒரு தாமதமா? 1,916 கோடியில், 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விட, 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைத்தார்கள். தாத்தா காலத்துக் கோரிக்கை.)

சரி, காசு எப்படி வருகிறது? யூனியன் ஒரு பெரிய சீட்டு மாதிரி. எல்லா நாடும் வருமானத்துக்குத் தக்கபடி கட்டுகிறது, குரோஷியாவும் கட்டுகிறது, ஆனால் வசதி குறைந்தவனுக்கு எடுக்கும்போது கூடக் கிடைக்கும். சராசரி ஐரோப்பியன் நூறு ரூபாய் சம்பாதிக்கும்போது 75 ரூபாய்கூட வராத வட்டாரங்களுக்குத்தான் பெரிய பங்கு. அங்கே ஒரு வேலைக்கு 85 சதவீதம் வரை யூனியன் தரும், மீதியை நாடு போட வேண்டும். முன்பணம் கொஞ்சம் உண்டு. மற்றபடி செலவு பண்ணு, பில்லைக் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன் என்பதுதான் வழக்கம்.

இதற்கு நம் ஊரில் பின்னேற்பு மானியம் என்று பெயர். ரோட்டவேட்டருக்கு எனக்குப் பாதி விலை மானியம், ஆனால் முதலில் முழுத் தொகையையும் நான் கட்ட வேண்டும். சொசைட்டியில் நகையை வைத்து ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டினேன். மெஷின் பக்கத்தில் வெயிலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் பார்த்தால், மெஷின் தகட்டில் ஆங்கில பி இருக்கும் இடத்தில் பில்லில் எட்டு என்று அடித்திருக்கிறது! நம்பர் ஒத்துப் போகவில்லை, பில்லை மாற்றிக்கொண்டு வாங்க என்றார்கள். டீலர் நாளைக்கு என்கிறான், நகைக்கு வட்டி ஓடுகிறது.

புதிதாகச் சேரும் நாடுகளும் இந்த எட்டிலும் பியிலும்தான் மாட்டுகின்றன. காசு ஒதுக்கியாகிவிட்டது என்று பேப்பரில் போடுவார்கள், ஆனால் டெண்டர் விதி தெரிந்த ஆளும், எஸ்டிமேட் போடத் தெரிந்த ஆளும், முன்னால் செலவு பண்ணக் கையில் காசும் இல்லாத முனிசிபாலிட்டி என்ன செய்யும்? 2014 - 2020 திட்டத்தில் ஒதுக்கிய வருடத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் பில் போகாவிட்டால் அந்தக் காசு லேப்ஸ். பல்கேரியா கதை இன்னும் மோசம். 2007இல் சேர்ந்தது, கணக்கு வழக்கில் ஊழல் புகார் என்று 2008இலேயே 22 கோடி யூரோவை இழந்தது. அதுவும் சேருவதற்கு முன் தயார் செய்யக் கொடுத்த காசு. எனக்கு அதில் பரிதாபம் இல்லை, ஆனால் ரோடு வராமல் போனது அந்த ஊர்க்காரனுக்குத்தானே.

இன்னொன்று. பாலம் வந்தது, ஆட்கள் போய்விட்டார்கள். யூனியனில் சேர்ந்ததும் அயர்லாந்துக்கும், 2015இல் ஜெர்மனிக்கும் கதவு திறந்தது. 2011இல் 42.8 லட்சமாக இருந்த குரோஷிய மக்கள்தொகை 2021இல் 38.7 லட்சம். அந்தக் காலி இடத்தில்தான் நேபாளத்துப் பையன்களோடு எங்கள் வீட்டுப் பையனும் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறான். இதற்கு எந்தப் போர்டும் கிடையாது.

கடைசியாக, "டோல் எவ்வளவுடா?" என்று கேட்டேன்.

"டோலே இல்லைங்ணா."

அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது.