காலைக்கு ஒரு பழப் பேஸ்ட்ரி

கடையில் வாங்கும் பேஸ்ட்ரியின் உறையில் பழத்துக்கு முன்னால் சர்க்கரையின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலேயே செய்கிறேன்.

250 கிராம் முழுக் கோதுமை மாவு, 125 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஐந்தாறு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெய் குளிர்ந்தே இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாவுக்குள் சிறு துண்டுகளாக நிற்கும் வெண்ணெய், ஓவன் அடுப்பின் சூட்டில் உருகி ஆவியைக் கிளப்பும். அந்த ஆவிதான் அடுக்குகளைப் பிரிக்கிறது. கையால் அழுத்திப் பிசைந்தால் பேஸ்ட்ரி இறுகிவிடும். முழுக் கோதுமையின் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதால், அழுத்தாமல் மாவை ஒன்றுசேர்த்ததும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

பூரணத்துக்கு ஸ்ட்ராபெரியும் நறுக்கிய பேரீச்சம்பழமும். குழைய வேகவைத்து, ஒரு மேசைக்கரண்டி சியா விதை சேர்த்தால் தானே கெட்டியாகும். சர்க்கரை வேண்டாம், பேரீச்சையே போதும். நன்றாக ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். சூடாக வைத்தால் வெண்ணெய் இளகி, ஓரம் பிரிந்து, பழச்சாறு தட்டெல்லாம் வழியும்.

மாவைத் தேய்த்து, பூரணம் வைத்து மடித்து, ஓரங்களை முள்கரண்டியால் அழுத்தி, மேலே நாலைந்து துளைகள் இட்டு, 190 டிகிரி செல்சியஸில் சுமார் 25 நிமிடம்.

சுடாமலே உறைய வைத்தும் எடுத்துக்கொள்ளலாம். அவசரமான காலையில் அப்படியே அடுப்பில் வைத்து, ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டால் சரியாக இருக்கிறது. இன்று காலை ஆறு சுட்டேன். ஒன்றுகூட மிச்சமில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!