திரும்பும்போது ஒரு கோடு

மார்ச் 4, செவ்வாய்

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள பட்டறையில், தரை கழுவும் மெஷினான ஸ்க்ரப்பரின் மூன்றாவது மாதிரி இன்று ஓடியது. 24 வோல்ட், 20 அங்குல பிரஷ், 50 லிட்டர் தொட்டி. முன்னால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும். பின்னால் வில் மாதிரி வளைந்த ஸ்குவீஜி, அதாவது ரப்பர் வழிப்பான், அழுக்குத் தண்ணீரை நடுவுக்குக் கூட்டித் தர, வேக்குவம் மோட்டார் உறிஞ்சிக்கொள்ளும். நேராகப் போனால் தரை காய்கிறது. திரும்பினால் விரல் அகலத்துக்கு ஈரக்கோடு.

மார்ச் 5, புதன்

கோடு விழுந்தால் எல்லோரும் முதலில் ஸ்குவீஜியைத்தான் திட்டுவார்கள். நானும் அப்படித்தான். தரையோடு படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்க ரப்பர் முழு நீளத்துக்கும் ஒரே அளவு மடங்க வேண்டும். சாய்வு ஒரு பக்கம் கூடினால் ஓரம் தூக்கும், மறுபக்கம் கூடினால் நடு தூக்கும். சாய்வைச் சரிசெய்யும் திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நாள் முழுக்கத் திருப்பினேன். கோடு போகவில்லை, சட்டைதான் போனது.

மார்ச் 7, வெள்ளி

பட்டறையைக் கூட்டும் அக்காவிடம் மெஷினைக் கொடுத்து ஓட்டச் சொன்னோம். இரண்டு சுற்று வந்தவர், "ஏனுங் தம்பி, முன்ன இருந்த மெஷின் உர்ருனு இழுக்குமுங். இது சும்மா மூச்சு உடறாப்ல இருக்குது" என்றார்.

சரி, இழுக்கும் பலத்தை அளந்துவிடலாம் என்று U வடிவக் குழாயில் கலர்த் தண்ணீர் ஊற்றி மாட்டினோம். மோட்டாரின் வாயிலேயே வைத்தால் 1,150 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கிறது. ஸ்குவீஜி ஹோஸ் நுனியில் வெறும் 700. நடுவில் எங்கோ காற்று நுழைகிறது.

சாமி படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுபத்தியை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினேன். ஹோஸ் கிளாம்ப் அருகே புகை நேராக ஏறியது. அழுக்குத் தொட்டி மூடியின் இடது மூலையில் மட்டும் சட்டென்று வளைந்து உள்ளே ஓடியது. மூடியைக் கழற்றி, மட்டம் பார்க்கும் சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் கவிழ்த்தால் அந்த மூலை தூக்கி நிற்கிறது. காற்றை அடைக்கும் கேஸ்கெட் பட்டை அங்கே எட்டவே இல்லை. இரண்டு நாள் தப்பான இடத்தில் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

மூடிக்கு மோல்டிங் போடும் இடத்துக்குப் போனோம். அச்சில் பாலிஎத்திலீன் பொடியைப் போட்டு, அடுப்புக்குள் குறுக்குவாட்டிலும் நெடுக்குவாட்டிலும் சுழற்றி உருக்குவார்கள். அப்புறம் அச்சோடு ஆற வேண்டும். அவசர ஆர்டர் என்று மூடியைச் சூடாகவே பிடுங்கியிருக்கிறார்கள், அதில் மூலை கோணிவிட்டது. அவசரப்படுத்தியது நான்தான், அதனால் பெரிதாகச் சண்டை போட முடியவில்லை. ஆறும்வரை மூடியை இறுக்கி வைக்க ஒரு மரச்சட்டம் அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

புது மூடி. ஹோஸ் நுனியில் 1,080. கோடு இல்லை. திரும்பும்போது தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கும். அங்கிருந்து நடுவுக்கு இழுக்கத்தான் முன்பு தெம்பு போதவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வேண்டுமென்றே மூன்று மடங்கு சோப்பு ஊற்றி ஓட்டினோம். நிஜத்தில் அப்படித்தான் ஊற்றுவார்கள். தொட்டி நிறைந்தால் மிதவைப் பந்து மேலே வந்து உறிஞ்சும் வாயை அடைக்க வேண்டும். நுரையில் பந்து மிதக்குமா? நுரை நேராக மோட்டாருக்கே போய்விட்டது. கருகிய வாடை இன்னும் போகவில்லை. நாளை நுரைக்கு ஒரு தடுப்பு வரைய வேண்டும். தண்ணீர் தெறிப்புச் சோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளியாயிற்று.